மூச்சைக் கவனிக்கக் கற்பிப்பவர் முதலில் கற்க வேண்டியது

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பகுதியிலிருந்தும் கல்வராயன் மலையூர்களிலிருந்தும் வருவோருள் பலர் எம்மிடம், "மூச்சுப் பயிற்சி என்றால் பிராணாயாமம்தானே?" என்று கேட்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. பிராணாயாமத்தில் மூச்சை இழுத்தும் அடக்கியும் விட்டும் ஓர் அளவுக்குக் கொண்டுவருகிறோம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் அதைப் பற்றிப் பேசுகிறது. விழிப்புணர்வுப் பயிற்சியில் மூச்சை மாற்றுவதில்லை. அது வந்து போவதைக் கவனிக்கிறோம். மனம் விலகினால், கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கு அழைத்து வருகிறோம். கேட்க எளிது, கற்பிப்பது எளிதன்று.

தீராத வலியுடையோருக்காக இப்பயிற்சியை 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஜின் தொடங்கினார். பின்னர் சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்னும் மூன்று உளவியலாளர்கள், மனச்சோர்வு நோய் திரும்ப வருவதைத் தடுக்க இது உதவுமா என்று ஆராய்ந்தனர். தாம் பயிலாமலே, உத்தியை மட்டும் எடுத்துக் கற்பித்துவிடலாம் என்பதே அவர்களது முதல் எண்ணம். அந்த மருத்துவமனையின் வகுப்புகளில் அமர்ந்து பார்த்த பிறகே தம் பிழை புரிந்தது. அங்குள்ள பயிற்றுநர்கள், நோயாளியின் துன்பத்தைக் கேட்டதும் தீர்வு சொல்ல விரைவதில்லை; அத்துன்பத்தோடு சற்று இருக்கத் துணை நின்றனர். நாள்தோறும் தாமே பயில்வதால் வந்த பக்குவம் அது. மூவரும் தாமும் பயிலத் தொடங்கினர்.

2000ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு உள்ளானவர்களுள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. எட்டு வாரப் பயிற்சியும் பெற்றோரில் அது 37 விழுக்காடு. இரண்டு முறை மட்டுமே உள்ளானவர்களுக்கு அத்தகைய பயன் தெரியவில்லை. ஆகவே இஃது எல்லார்க்குமான மருந்தன்று. இதைப் படித்துவிட்டு, மருத்துவரைக் கேளாமல் எவரும் மாத்திரையை நிறுத்தலாகாது.

சிகிச்சையாளராக விரும்புவோர் முதலில் எட்டு வார வகுப்பில் தாமும் மாணவராக அமர்கின்றனர். பிறகு அனுபவமுள்ளவரோடு சேர்ந்து நடத்துகின்றனர். அவரது மேற்பார்வை தொடர்கிறது. மிகக் கடினமான பகுதி, பயிற்சி முடிந்தபின் "என்ன கவனித்தீர்கள்?" என்று கேட்பது. "ஒன்றும் நடக்கவில்லை, தூக்கம்தான் வந்தது" என்று ஒருவர் சொன்னால், புதியவர் உடனே அறிவுரை கூறத் தொடங்கிவிடுவார். தேர்ந்தவரோ, தூக்கம் உடலில் எங்கே தொடங்கியது என்று வினவுவார். (அறிவுரை கூறாதிருப்பது எம் போன்ற மருத்துவப் பணியாளர்க்கு எத்துணைக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

போதிய பயிற்சியின்மை தீங்கும் செய்யும். ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவருக்கு மூச்சே அச்சத்தின் இடம். "கண்ணை மூடி மூச்சையே பாருங்கள்" என்றால் அவருக்குப் பதற்றம் கூடலாம். கொடிய நிகழ்வொன்றைக் கடந்தவருக்குக் கண்ணை மூடியதும் அதே காட்சி எழலாம். அப்போது கண்களைத் திறந்துகொண்டு, தரையில் ஊன்றிய பாதங்களையோ வெளியே கேட்கும் ஒலியையோ கவனிக்கச் செய்ய வேண்டும். இம்மாற்றத்தை அறியாதவரிடம் இப்பயிற்சியைக் கற்க வேண்டா.

ஆதலால் சேருமுன் தயங்காது கேளுங்கள்: நீங்கள் நாள்தோறும் பயில்கிறீர்களா? யாருடைய மேற்பார்வையில் நடத்துகிறீர்கள்? எனக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? பயிற்சியிடையே அச்சம் மிகுந்தால் நிறுத்திவிட்டு, உடனே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும்போது மனம் பொறுக்க முடியாத நிலை வந்தால், டெலி மானஸ் கட்டணமில்லா எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.