சொல் தெரியாது, ஆனாலும் மார்க் உண்டு

கல்பாக்கம் பக்கத்துப் புதுப்பட்டினத்தில் பஸ் ஏறுகிற கூட்டத்தில் எம்எஸ் கனவோடு ஜிஆர்இ எழுதப் போகிறவர் இருப்பார். சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைக்காக எஸ்எஸ்சி சிஜிஎல் எழுதப் போகிறவர் இருப்பார். இருவர் பையிலும் ஒரே சரக்குதான் இருக்கும்: தடிமனான வேர்ட் லிஸ்ட். இருவருக்கும் ஒரே புலம்பல்: “நேத்து படிச்சது இன்னிக்கு நிக்கல.”

ஒரு விஷயத்தை யோசியுங்கள். உங்களோடு மோதப் போகிறவரும் அதே லிஸ்டைத்தான் உருப்போடுகிறார். எல்லாரிடமும் இருக்கிற ஆயுதத்தால் யாரையும் முந்த முடியாது. முந்த வேண்டுமானால், தெரியாத சொல் வரும்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. கேட்டதற்கு மேல் ஒரு விடை பொருந்தினாலும் ஆட்சேபம் கிளம்பும். கேள்வியே செல்லாமல் போகும். அதனால் சரியான விடைக்கான ஆதாரத்தைக் கேள்வி தயாரிப்பவர் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வைத்தாக வேண்டும். அதைத் தேடி எடுப்பதுதான் உங்கள் வேலை. எப்படி?

1. முதலில் எக்ஸாமைப் படியுங்கள்

ஜிஆர்இ 2011 ஆகஸ்டிலேயே ஆன்டனிம், அனாலஜி கேள்விகளைத் தூக்கிவிட்டது. இப்போது சொல்லறிவைச் சோதிப்பது டெக்ஸ்ட் கம்ப்ளீஷன், சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ், ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் ஆகிய மூன்றும்தான். மூன்றிலும் சொல்லைச் சுற்றி வாக்கியம் இருக்கும். எஸ்ஏடியும் 2016இல் சென்டென்ஸ் கம்ப்ளீஷனை எடுத்துவிட்டது. இப்போதைய டிஜிட்டல் எஸ்ஏடி சொற்களைச் சிறு பத்திக்குள் வைத்துக் கேட்கிறது. எஸ்எஸ்சி சிஜிஎல் கதை வேறு. அங்கே க்ளோஸ் டெஸ்ட்டும் உண்டு, மொட்டையாக சினானிம் கேட்பதும் உண்டு. மொட்டைக் கேள்விக்குச் சூழல் கைகொடுக்காது, லிஸ்ட் வேண்டும். ஆகவே சிஜிஎல் எழுதுகிறவர் நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜிஆர்இ எழுதுகிறவர் பெரும்பகுதி நேரத்தை வாக்கியத்துக்கே கொடுங்கள்.

2. திருப்பத்தையும் தொடர்ச்சியையும் குறியுங்கள்

ஆல்தோ, டெஸ்பைட், யெட், ஹவெவர், அன்லைக்: இவை வந்தால் வாக்கியம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பிகாஸ், தேர்ஃபோர், இன்டீட்: இவை வந்தால் அதே திசையில் போகிறது. கோலன் வந்தால், முன்னால் சொன்னதற்குப் பின்னால் விளக்கம் இருக்கிறது. ‘சச் அஸ்’ வந்தால், உதாரணத்தைப் பார்த்தே சொல்லின் பொருளைப் பிடிக்கலாம். ஆப்ஷன் பக்கம் கண் போகும் முன் இந்தச் சொற்களை மனசில் வட்டம் போடுங்கள். இந்தச் சின்னச் சொற்களை நாம் எல்லாருமே எட்டாம் வகுப்பில் படித்துவிட்டோம். அதனாலேயே கவனிக்காமல் தாண்டிப் போகிறோம்.

3. கோடிட்ட இடத்தைத் தமிழில் நிரப்புங்கள்

“இங்கிலீஷிலேயே யோசி” என்று கோச்சிங்கில் சொல்வார்கள். இந்த ஒரு ஸ்டெப்பில் மட்டும் அதை மறந்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘ஆல்தோ அந்தக் கான்ட்ராக்டர் ______ என்று பெயர் எடுத்தவர், அந்த வருஷம் எல்லாத் தொழிலாளிக்கும் கேட்காமலே முழு போனஸ் கொடுத்தார்.’ ஆப்ஷன் ஆறு: பார்சிமோனியஸ், லேவிஷ், கிரிகேரியஸ், மைசர்லி, பங்க்சுவல், எலோக்வென்ட். இது சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் வகை; ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆப்ஷனைக் கையால் மூடுங்கள். ‘ஆல்தோ’ திருப்புகிறது. பின்பாதியில் தாராள குணம். அப்படியானால் முன்பாதியில்? கஞ்சன். தமிழில் அரை விநாடியில் வந்துவிட்டது. இப்போது கையை எடுங்கள். லேவிஷ் நேர் எதிர். கிரிகேரியஸ் கூட்டத்தோடு பழகுகிறவர், பங்க்சுவல் நேரம் தவறாதவர், எலோக்வென்ட் நன்றாகப் பேசுகிறவர். போனஸுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. மைசர்லி கஞ்சன்தான். மிச்சம் பார்சிமோனியஸ். அந்தச் சொல்லை நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை என்றாலும் விடை கிடைத்துவிட்டது. ஜிஆர்இயில் இந்த வகைக் கேள்விக்கு இரண்டும் சரியாக இருந்தால்தான் மார்க். பாதி சரிக்குப் பாதி மார்க் கிடையாது. அதனால் ஜோடி சேராத சொல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

4. தமிழும் வராவிட்டால் பிளஸ், மைனஸ் போடுங்கள்

வாக்கியம் கடினமாக இருந்தால் சரியான சொல் உடனே தோன்றாது. பரவாயில்லை. எழுதியவர் பாராட்டுகிறாரா, குறை சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கோட்டுக்கு மேல் ஒரு பிளஸ் அல்லது மைனஸ் போடுங்கள். பல நேரம் பாதி ஆப்ஷன் அதிலேயே அடிபடும். இரண்டு மூன்று கோடு உள்ள கேள்வியில் முதல் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. எந்தக் கோட்டுக்கு ஆதாரம் தெளிவாக இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்.

5. தெரிந்த சொல்லிடம் உஷார்

மார்க்கைத் தின்பது எப்போதும் முரட்டுச் சொல்தான் என்று நினைக்காதீர்கள். சாதாரணச் சொல்லும் காலை வாரும். ‘கிரிட்டிகல்’ என்ற சொல்லை எடுங்கள். ஆஸ்பத்திரியில் பேஷன்ட் கிரிட்டிகல் என்றால் வீடே கலங்கும். நம் கல்பாக்கத்தில் ஃபாஸ்ட் பிரீடர் டெஸ்ட் ரியாக்டர் 1985 அக்டோபர் 18 அன்று கிரிட்டிகல் ஆனது, அன்று கொண்டாட்டம். சங்கிலித் தொடர் வினை தானாகவே நீடிக்கத் தொடங்கியது என்று அதற்குப் பொருள். சினிமா பக்கத்தில் கிரிட்டிகல் அக்ளெய்ம் என்றால் விமர்சகர்களின் பாராட்டு. ஒரே சொல், மூன்று வேலை.

இதே ரகத்தில் எக்ஸாம் விரும்பும் சில: ‘குவாலிஃபை’ என்றால் சொன்ன கருத்துக்கு வரம்பு போடுவது. ‘டெம்பர்’ என்றால் வேகத்தைத் தணிப்பது. ‘ஃப்ளாக்’ என்றால் சோர்ந்து தளர்வது. ‘பெடஸ்ட்ரியன்’ என்றால் சுவையற்ற, சாதாரணமான. தெரிந்த பொருள் வாக்கியத்தில் ஒட்டவில்லை என்றால் சொல்லைச் சந்தேகப்படுங்கள்.

6. வேரை நம்பலாம், முழுக்க நம்பாதீர்கள்

‘பெனி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது, ‘மால்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் கெட்டது. முதல் யூகத்துக்கு இது போதும். ஆனால் ‘எனர்வேட்’ எனர்ஜி தருவது அல்ல; வலுவை உறிஞ்சுவது. ‘ரெஸ்டிவ்’ ரெஸ்ட் எடுப்பவர் அல்ல. நிலைகொள்ளாமல் முரண்டு பிடிப்பவர். ‘நாய்ஸம்’ சத்தம் போடாது, நாறும். வேர் சொல்வதையும் வாக்கியம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். சண்டை வந்தால் வாக்கியத்தின் பக்கம் நில்லுங்கள்.

7. ஊரையே பயிற்சிக் களமாக்குங்கள்

ஈசிஆரில் கொஞ்ச தூரம் போனால் மாமல்லபுரம். ஐந்து ரதங்களைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தால் ‘மோனோலித்திக்’ என்ற சொல் வந்துவிடும். எதிரே ஒரே பாறையில் செதுக்கிய ரதம் நிற்கிறது. பொருள் கண்முன்னே இருக்கிறது. மறுநாள் ஆங்கிலப் பேப்பர் தலையங்கத்தில் ‘அந்தக் கட்சி மோனோலித்திக் அல்ல’ என்று வந்தால், உள்ளே பல கோஷ்டிகள் இருக்கின்றன என்று டிக்‌ஷனரி இல்லாமலே புரியும். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை இதே மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்த மேட்ச் ரிப்போர்ட்டுகளைத் தேடிப் படியுங்கள். கேம்பிட், ஸ்டேல்மேட் எல்லாம் காய் நகர்த்தலோடு சேர்ந்தே மனசில் உட்காரும். அரசியல் கட்டுரையில் அவை வேறு வேஷத்தில் வரும்போது அடையாளம் தெரியும்.

முறை இதுதான். ஒரு கட்டுரை எடுங்கள். தெரியாத சொல்லைக் கோடிடுங்கள். பக்கத்தில் உங்கள் யூகத்தைத் தமிழில் எழுதுங்கள். முழுக் கட்டுரையும் முடிந்த பிறகே டிக்‌ஷனரி. யூகம் தப்பியிருந்தால், எந்தக் குறிப்பைத் தவறவிட்டீர்கள் என்று பாருங்கள். நோட்டில் சொல்லை மட்டும் எழுதாதீர்கள்; முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஞாயிற்றுக்கிழமை சொல்லை மறைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படித்து நிரப்புங்கள்.

8. ஹாலில் கணக்கு போடுங்கள்

ஜிஆர்இ வெர்பலில் 27 கேள்வி, 41 நிமிஷம். தவறான விடைக்கு மார்க் கழிவு இல்லை. எதையும் காலியாக விடாதீர்கள். சிஜிஎல் டயர் 1இல் 60 நிமிஷத்தில் 100 கேள்வி, அதில் இங்கிலீஷ் 25. சரிக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் கழிவு. நாலு ஆப்ஷனில் இரண்டைக் குறிப்பு வைத்து அடித்துவிட்டால் துணிந்து குறியுங்கள். அப்படி நாலு கேள்வியில் சராசரியாக இரண்டு தேறினாலே 4 மார்க் வரவு, 1 மார்க் கழிவு. 3 மார்க் லாபம். கட்-ஆஃப் நெருக்கத்தில் அந்த மூன்று மார்க்குக்குள்ளேயே பலர் நிற்பார்கள்.

9. படித்ததை மெயிலில் கொட்டாதீர்கள்

பார்சிமோனியஸ் கற்றுக்கொண்டோம் என்று மேனேஜருக்கு எழுதும் மெயிலில் போட்டால் இம்ப்ரெஷன் கெடும். ஆபீஸில் எளிய இங்கிலீஷுக்கே மதிப்பு. இந்தப் பயிற்சி அங்கே எழுதுவதைவிடப் படிப்பதில்தான் உதவும். டெண்டரிலும் ஆஃபர் லெட்டரிலும் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கலாம். மேலே எது சொல்லியிருந்தாலும் இனிமேல் சொல்வதே செல்லும் என்று அதற்கு அர்த்தம். முதல் பக்கத்தில் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தவர், நாலாம் பக்கத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். நீங்கள் அங்கே நிறுத்துங்கள். எந்த வாக்குறுதியை அது ரத்து செய்கிறது என்று பாருங்கள், எச்ஆரிடம் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள். கையெழுத்து அதற்கப்புறம்.