இறக்கத்தில் பிறக்கும் மின்சாரம்

மும்பையிலிருந்து புணே வழியாகச் சென்னை செல்லும் தொடர்வண்டிகள் கர்ஜத் நிலையத்தைக் கடந்ததும் போர்காட் மலைப்பாதையில் ஏறுகின்றன. ஒவ்வொரு 37 மீட்டருக்கும் 1 மீட்டர் உயரும் கடும் ஏற்றம் அது. கனமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளத் துணை எஞ்சின்கள் வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. தடைக்கட்டைகள் நெடுநேரம் சக்கரங்களை அழுத்தினால், உராய்வினால் சூடேறித் தேயும், பிடிப்பும் குறையும். இக்குறையை நீக்க மின்மோட்டார் உதவுகிறது. மின்சாரம் அளித்தால் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். இறக்கத்திலோ சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்னாக்கியாக மாறி, சுழற்சியை எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பால் வேகம் தணிகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. இதுவே மீளாக்கத் தடுப்பு. 1930ஆம் ஆண்டையொட்டி இப்பாதை மின்மயமானபோது ஓடிய சரக்கு எஞ்சின்களிலேயே இவ்வசதி இருந்தது.

1 டன் எடை 367 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். லோனாவ்லா கர்ஜத்தைவிட 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. எனவே, 1000 டன் வண்டி ஒன்று இறங்கும்போது 1300 யூனிட்டுக்கும் மிகுதியான ஆற்றல் வெளிப்படும். அதில் ஒரு பகுதி மேலே செல்லும் மின்கம்பிக்குத் திரும்புகிறது. அந்நேரத்தில் மலையேறும் மற்றொரு வண்டிக்கு அது பயன்படும்.

மின்கலத்தால் ஓடும் தோட்ட டிராக்டரும் மேட்டிலிருந்து இவ்வாறே இறங்க இயலும். ஆனால், அதன் மின்சாரம் மின்கலத்திலேயே சேர வேண்டும். மேட்டின் உச்சியில் மின்கலம் நிரம்பியிருந்தால் புதிய மின்சாரத்திற்கு இடமில்லை. மோட்டாரின் தடுப்பும் குறைந்துவிடும். மேலும், வேகம் மிகக் குறைந்தபின் வண்டியை முற்றிலும் நிறுத்த உராய்வுத் தடையே வேண்டும். ஆதலால், மீளாக்கத் தடுப்பு உள்ள ஊர்தியிலும் தடைக்கட்டைகளைச் செம்மையாகப் பேணுதல் இன்றியமையாதது.

அருஞ்சொற்பொருள்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் கருவி
மின்கலம் – பேட்டரி
இன்றியமையாதது – கட்டாயம் வேண்டுவது

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. மோட்டார் எப்போது மின்னாக்கியாக மாறுகிறது?
2. இறங்கும் வண்டி தரும் மின்சாரம் எங்குச் செல்கிறது?
3. மின்கலம் நிரம்பிய டிராக்டர் மேட்டிலிருந்து இறங்கும்போது நேரும் இடர் யாது?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
ஏற்றம், மிகுதி, உச்சி

இ. கணக்கிடுக.
3 டன் எடை 367 மீட்டர் இறங்கினால் எத்தனை யூனிட்டுக்குச் சமமான ஆற்றல் வெளிப்படும்?