அளவு ரவிக்கையிலிருந்து மாதிரித்தாள்

தையற்கடைக்குப் புறப்படும்போது நம் தாய்மார் புதுத் துணியோடு பழைய ரவிக்கை ஒன்றையும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அளவு ரவிக்கை என்று அதற்குப் பெயர். அனுபவமுள்ள தையற்காரர் டேப்பைவிட அதையே அதிகம் நம்புவார். மார்பு எத்தனை அங்குலம், இடுப்பு எத்தனை அங்குலம் என்று டேப் சொல்லும். தோள் எந்தச் சரிவில் இறங்குகிறது, முதுகு எங்கே வளைகிறது என்பதை, உடுத்திப் பழகிய ரவிக்கைதான் சொல்லும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரரான எபனேசர் பட்டரிக் என்பவர் 1863-ஆம் ஆண்டில் பல அளவுகளில் தாள் மாதிரிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். வீட்டுப் பெண்கள் தாங்களே உடை தைத்துக்கொள்ள அது பேருதவியாயிற்று. ஆனால் விற்பனைக்கு வரும் மாதிரி சராசரி உடலுக்கு உரியது. அளவு ரவிக்கையோ ஒரே ஒருவருக்கு உரியது. அதைப் பிரிக்காமல், கெடுக்காமல் தாளில் எடுத்து வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

"டீச்சர், தாளில் வைத்துச் சுற்றி வரைந்தால் போதாதா?" என்று தையல் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி கேட்காமல் இருப்பதில்லை. போதாது, மாணவியரே! நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். என் தாயாருக்கு நன்றாகப் பொருந்திய ரவிக்கை ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் தைத்தவர் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். துணியும் நைந்துகொண்டே வந்தது. நான் அதை இரண்டாக மடித்துத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அரை அங்குலம் கூட்டி, ஆசையாய் வாங்கிய வாயில் துணியை வெட்டிவிட்டேன். தைத்து முடித்தால் முன்பாகம் பலகைபோல் இருந்தது. இடப்பக்கத் தோள் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை வீட்டில் உடுத்திக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

ஆகவே, தாளை விரிக்குமுன் ரவிக்கையைப் படிக்க வேண்டும். துவைத்து, இழுக்காமல் இஸ்திரி போட்டு, உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலில் பழைய ஊசித் துளைகள் தெரிந்தால், முன்பே பிரித்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். கழுத்தோரம் அலை அலையாக இருந்தால் நெளிந்து நீண்டுவிட்டது. பிறகு உரியவரையே உடுத்தச் சொல்லி, எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய குறையும் சேர்ந்தே தாளில் ஏறும்.

வலப் பாதியையும் இடப் பாதியையும் அளந்து பாருங்கள். என் தாயாரின் ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. தையற்காரர் யாரிடமும் சொல்லாமல் இடத்தோள் நுனியைக் கால் அங்குலம் இறக்கி வெட்டியிருந்தார். நான் வலப் பாதியை மட்டும் வரைந்து இரு பக்கத்துக்கும் அதையே வைத்தேன். அந்தக் கால் அங்குலம்தான் தோளில் எழும்பி நின்றது. இரு பாதியும் ஒத்திருந்தால், குறைவாகத் தேய்ந்த பாதியை எடுத்தால் போதும். ஒத்திராவிட்டால் இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்தது நூலின் போக்கு. துணியில் நீளவாட்டில் ஓடுவது பாவு நூல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முன்பாகம், பின்பாகம், கை மூன்றிலும் பாவு ஓடும் வழியில் வேறு நிற நூலால் ஓர் ஓட்டுத்தையல் போடுங்கள். கிராஸ் கட்டிங் ரவிக்கையில் முன்பாகத்து நூல் சாய்வாக ஓடும். அதைக் கவனியாமல் நேராக வெட்டினால், அளவு சரியாக இருந்தும் உடலில் படியாது.

இனி மேசைமேல் கம்பளியை மடித்து விரித்து, அதன்மேல் பழுப்புத்தாளை வையுங்கள். குண்டூசி இறங்குவதற்காகவே கம்பளி. பின்பாகத்தின் நடுவை, தாளில் போட்ட நேர்கோட்டோடு பொருத்திக் குண்டூசியால் நிறுத்தி, தையல் ஓடும் இடத்திலேயே அரை அங்குலத்துக்கு ஒரு துளை குத்துங்கள். வளைவுகளில் கால் அங்குலத்துக்கு ஒன்று. துணியை எடுத்தபின் துளைகளைப் பென்சிலால் சேருங்கள்.

டார்ட் இருக்கும் இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறோம். ரவிக்கையின் முன்பாகம் கிண்ணம்போல் எழும்பி நிற்பது டார்ட்டினால். கிண்ணத்தைத் தாளில் அழுத்தி வரைய முடியுமா? அழுத்தினால் சுருங்கும், அளவு குறையும். எனவே டார்ட் வரை உள்ள பகுதியை மட்டும் தட்டையாகக் குத்தி எடுங்கள். பிறகு டார்ட்டின் நுனியில் ஒரு குண்டூசியை நிலையாக ஊன்றி, அதையே அச்சாகக் கொண்டு, அடுத்த பகுதி தாளில் படியும்வரை துணியைத் திருப்புங்கள். முன் குத்திய தையற்கோட்டுக்கும் இப்போது அது வந்த இடத்துக்கும் நடுவே, விசிறி விரித்ததுபோல் ஓர் இடைவெளி தாளில் தோன்றும். அதுதான் டார்ட் விழுங்கிய துணி. சரிதானா என்று உள்பக்கம் பார்த்துக்கொள்ளலாம். டார்ட்டின் வாயில் மடிப்பு முக்கால் அங்குலம் என்றால், இரண்டு மடங்காக ஒன்றரை அங்குலம் தாளில் திறந்திருக்க வேண்டும். நான்கு டார்ட் உள்ள ரவிக்கையில் ஒவ்வொன்றுக்கும் இப்படியே செய்ய வேண்டும். பொறுமை தேவைதான். ஆனால் என் வாயில் துணி பலகையானது இந்த ஒன்றைச் செய்யாததால்.

கையை நடுவில் மடித்து ஒரே கோடாக வரையாதீர்கள். முன்பக்கத்து வளைவு பின்பக்கத்தைவிட ஆழமானது. இரண்டையும் தனித்தனியே குத்தி எடுத்து, 'முன்', 'பின்' என்று எழுதுங்கள். பட்டி நேர்த்துண்டு, அளந்தே வரைந்துவிடலாம்.

தாள்கள் முடிந்ததும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். முன்தோளும் பின்தோளும் ஒரே நீளம் வேண்டும். பக்கத் தையல்களும் அப்படியே. டார்ட் இருந்தால் தாளில் அதை மடித்துவிட்டு அளக்க வேண்டும். தோள்களைச் சேர்த்து வைத்தால் கழுத்து வளைவு முறியாமல் ஓட வேண்டும். டேப்பை விளிம்பில் நிறுத்திக் கைக்குழியைச் சுற்றி அளந்து, கையின் வளைவையும் அளந்து பாருங்கள். கை சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். குறைந்தால் எங்கோ துளை தவறியிருக்கிறது.

தாளில் இருப்பது தையற்கோடு. தையலுக்கு விடும் துணியை அதற்கு வெளியே தனிக்கோடாகப் போடுங்கள்: கழுத்தில் கால் அங்குலம், தோளிலும் கைக்குழியிலும் அரை அங்குலம், பக்கங்களில் ஒரு அங்குலம். வளரும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் விட்டாலும் தகும். பின்னால் பிரித்து விடலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். பழைய ரவிக்கை எத்தனையோ முறை துவைத்துச் சுருங்கி முடிந்தது. புதுப் பருத்தித் துணி இனிமேல்தான் சுருங்கும். அதனால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். அதற்கும் முன்பாக, கிழிந்த வேட்டித் துண்டில் பெரிய தையலாகப் போட்டு உடுத்திப் பாருங்கள். கண்ட குறையைத் தாளில் திருத்துங்கள்.

கடைசியாகத் தாளில் உரியவர் பெயர், தேதி, 'தையலுக்குத் துணி சேர்த்தது' அல்லது 'சேர்க்காதது' என்று எழுதி, பாவு ஓடும் வழியை அம்புக்குறியால் காட்டி, ஓட்டையிட்டு நூல் கட்டி ஆணியில் மாட்டி வையுங்கள். மாணவியர் தேதியைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எடுத்த தாள் பத்தாம் வகுப்பில் உதவாமல் போகலாம்.

என் தாயாருக்கு இரண்டாம் முறை எடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்ததால் பின்னால் மல் துணி ஒட்டியிருக்கிறேன். இடத்தோள் நுனியில் சிவப்புப் பென்சிலில் 'கால் அங்குலம் இறக்கு' என்று எழுதியிருக்கிறது.