கடைக் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து ஒரு காவல்



பில் போடும் கம்ப்யூட்டரைத் தவிர, இன்று பல கடைகளிலும் வீடுகளிலும் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் இருந்தபடி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றாட பில் கணக்கைப் பிரதி எடுத்து வைப்பது, ஃப்ரீசரின் குளிரை அளந்து குறிப்பது போன்ற வேலைகளை அதனிடம் விட்டிருக்கிறோம். இவ்வகையில் பெயர் பெற்றது ராஸ்பெரி பை. 2012-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டையின் நீள அகலம்தான். சில வாட் மின்சாரம் போதும். திரையும் கீபோர்டும் இல்லாமலே ஓடும்.

இதன் வசதியும் ஆபத்தும் ஒன்றே. திரை இல்லாததால், அது நின்றுபோனாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பில் கம்ப்யூட்டர் பழுதாகி, பிரதியைத் தேடிப் போகும்போதுதான், கடைசிப் பிரதி நான்கு மாதத்துக்கு முந்தையது என்று தெரியவரும். நிலுவைக் கணக்கு, ஜி.எஸ்.டி. விவரம் எல்லாம் அதோடு போயிற்று.

ஏன் நிற்கிறது?

1. எஸ்.டி. கார்டு: பெரும்பாலும் இதன் நினைவகம் ஒரு சிறிய கார்டுதான். எழுத எழுதத் தேயும். எழுதும்போது கரண்ட் போனால் பதிவு கெடவும் கூடும்.

2. மின்சாரம்: இதற்கு 5 வோல்ட் குறையாமல் வேண்டும். மலிவான போன் சார்ஜரை மாட்டினால் அழுத்தம் இறங்கும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டரே அதைக் குறித்துக்கொள்ளும்.

3. வெப்பம்: உட்சூடு 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக் கூரை கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவே வைத்தால் இது நேரும்.

4. இடம் நிரம்புதல்: கார்டு நிரம்பியதும் பிரதி எடுப்பது நின்றுவிடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

காவல் எங்கே இருக்க வேண்டும்?

கோளாறு வந்தால் தகவல் அனுப்பும்படி அதே கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் பலர். நின்றுபோன கம்ப்யூட்டர் எப்படித் தகவல் அனுப்பும்? இன்டர்நெட் போனாலும் அதே கதிதான்.

இரவில் தெருவில் ரோந்து வரும் கூர்க்காவை நினைத்துப் பாருங்கள். விசில் கேட்கும்வரை கவலையில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால்தான் எழுந்து பார்க்க வேண்டும். இங்கும் அதே முறை. சிறிய கம்ப்யூட்டர் குறித்த நேரத்தில் விசில் ஊதட்டும். அதைக் கேட்பவர் கடைக்கு வெளியே இருக்கட்டும். அந்த வேலையைச் செய்வதே கிளவுட் சேவை.

இரண்டு வகைகள்

முதல் வகை, விசிலை மட்டும் கவனிப்பது. ஹெல்த்செக்ஸ் என்ற சேவை இதற்கு உதாரணம். அது உங்களுக்கென ஒரு தனி இணைய முகவரி தரும். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் அந்த முகவரியைத் தட்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தட்ட வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை நீங்கள் நிர்ணயிக்கலாம். தவறினால் இ-மெயில், டெலிகிராம் போன்ற வழிகளில் செய்தி வரும்.

இதில் ஒன்றைக் கவனிக்கவும். பிரதி சரியாக எடுத்து முடிந்த பிறகே தட்டும்படி அமைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத் தானாகத் தட்டினால், பிரதி எடுக்காத நாளிலும் "நலம்" என்றே செய்தி போகும்.

இரண்டாம் வகை, அளவுகளைப் பதிவது. கிராஃபனா கிளவுட் இதற்கு உதாரணம். கம்ப்யூட்டரின் சூடு, கார்டில் மிச்சமுள்ள இடம் ஆகியவை அங்கு போய் வரைபடமாகும். கார்டு நிரம்புமுன்பே எச்சரிக்கை கேட்கலாம். நமக்கு முதல் வகையே முதலில் போதும். இரண்டிலும் நம் கம்ப்யூட்டர்தான் வெளியே பேசுகிறது. வெளியார் உள்ளே வர மோடத்தில் வழி திறக்கத் தேவையில்லை.

ஃப்ரீசர் வைத்திருப்போர் கவனத்திற்கு

டி.எஸ்.18பி20 என்ற சிறிய சென்சரை இணைத்தால் குளிரை அளக்கலாம். உறைபொருளுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் சற்று ஏறும். அதற்கெல்லாம் மணி அடித்தால் தூங்க முடியாது. மைனஸ் 12-க்கு மேல் அரை மணி நேரம் நின்றால் மட்டும் செய்தி வரும்படி வைக்கலாம். கரண்ட் போனால் ஃப்ரீசர், கம்ப்யூட்டர், மோடம் மூன்றும் ஒன்றாக நிற்கும். அப்போது சென்சர் எதுவும் சொல்லாது. விசில் நின்றதுதான் சேதி சொல்லும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

செய்தி இருவருக்குப் போகட்டும். ஒருவர் கடைக்கு அருகில் குடியிருந்து சாவி வைத்திருப்பவராக இருக்கட்டும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இருபது நிமிடமாவது பொறுக்கும்படி வைக்கவும். வீண் செய்திகள் பெருகினால் போனை அமைதியாக்கிவிடுவோம். உண்மையான செய்தியும் அதில் அமுங்கும்.

வாடிக்கையாளர் பெயரோ கடன் விவரமோ இந்தச் சேவைக்குப் போக வேண்டியதில்லை. தரப்பட்ட முகவரியைச் சாவிபோல் காப்பாற்றவும்.

மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கவும். கடையைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோல. குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் காவல் இல்லை என்று பொருள். திடீரென்று பிடுங்கினால் கார்டு கெடலாம் என்பதால், முறைப்படி நிறுத்திய பிறகே பிடுங்கவும்.

அன்றே, எடுத்து வைத்த பிரதி ஒன்றையும் வேறு கம்ப்யூட்டரில் திறந்து, முந்தைய நாள் விற்பனைத் தொகை சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடவும். தொகை ஒத்துப்போனால்தான் கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று நம்பலாம்.