குட்டி இல்லை என்றால் காசு இல்லை



போன மாதம் எங்கள் வீட்டுப் பசு லட்சுமிக்கு மூன்றாவது முறையாகச் சினை ஊசி போட்டோம். முதல் இரண்டு ஊசியும் நிற்கவில்லை. காசு மட்டும் போச்சு. அம்மா, "சினை நிக்கலைன்னாலும் காசு குடுக்கணுமா, இது என்ன நியாயம்?" என்று கேட்டாங்க. அப்பா பதில் சொல்லவில்லை. நான் இதைச் சமூக அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர், "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி நியூசிலாந்து விவசாயியும் இதையேதான் கேட்டான், ஆனா குதிரைக்கு" என்றார். பிறகு அவர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். சினை, பருவம் என்று வரும்போது யாரும் சிரிக்கக் கூடாது. எல்லாம் அறிவியல் பாடத்தில் வருவதுதான்.

நம் வகுப்பில் தொங்கும் உலக வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வலது பக்கம் கீழே இரண்டு தீவுகள் இருக்கும். அதில் தெற்குத் தீவில் கேன்டர்பரி என்று ஒரு பெரிய சமவெளி. 1850 டிசம்பரில் நாலு கப்பல்களில் இங்கிலாந்துக்காரர்கள் அங்கே குடியேற வந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1848-ல், நை டாஹு என்ற மாவோரி மக்களிடம் அந்தப் பெரிய நிலப்பரப்பை வெறும் 2000 பவுனுக்கு வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒதுக்குவதாகச் சொன்ன நிலத்தைச் சரியாக ஒதுக்கவும் இல்லை. 1998-ல்தான் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. கட்டுரை குதிரையைப் பற்றித்தான். ஆனால் குதிரை உழுத நிலம் யாருடையது என்று சொல்லாமல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அந்த நாட்டில் இயற்கையாக வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது. முதல் குதிரைகளே 1814-ல்தான் கப்பலில் வந்து இறங்கின. ஆனால் 1870-களில் கேன்டர்பரி முழுக்கக் கோதுமை வந்தபோது, உழவு, அறுவடை எந்திரம், மூட்டை வண்டி எல்லாவற்றையும் இழுக்கக் கனமான குதிரை வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுப் பக்கத்து இனமான கிளைட்ஸ்டேல் அதற்குப் பேர் போனது. குளம்புக்கு மேலே கொசகொசவென்று முடி இருக்கும். குதிரையின் உயரத்தைக் 'கை' என்று அளப்பார்கள். ஒரு கை நாலு அங்குலம். பதினாறு கை என்றால் 64 அங்குலம், அதுவும் தலை வரை இல்லை, தோள்பட்டை வரைக்கும்தான். நான் பக்கத்தில் நின்றால் அதன் முதுகு எனக்குத் தெரியாது!

பெட்டைக் குதிரை பல பண்ணையில் இருந்தது. அதுவே ஏரும் இழுக்கும், குட்டியும் போடும். ஆனால் நல்ல வம்சத்துப் பொலிகுதிரை வைத்துக்கொள்வது சாதாரண விவசாயிக்குக் கட்டாது. விலை அதிகம், முரட்டுத்தனம் அதிகம், தனி ஆள் வேண்டும். அதனால் வசதியுள்ள ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு குதிரையைக் கப்பலில் கொண்டுவருவார். அந்தக் குதிரை ஊர் ஊராக நடக்கும். நம்ம ஊருக்கு ஐஸ் வண்டி வருகிற மாதிரி, திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர் என்று கிழமை வைத்து வரும். கூட ஒரு குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். அங்கே செப்டம்பரில் வசந்தம் தொடங்கும். அப்போது கிளம்பினால் கிறிஸ்துமஸ் வரை இந்த நடைதான்.

இது எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் செய்தித்தாளில் விளம்பரம் வரும். குதிரையின் பெயர், நிறம், எத்தனை கை உயரம், அப்பா யார், அம்மா யார், அம்மாவின் அப்பா யார், எந்தக் கண்காட்சியில் பரிசு வாங்கியது என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமாக இருக்கும். 1866-ல் பிறந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 1872-ல் பிறந்த 'டார்ன்லி' இரண்டும் ஸ்காட்லாந்தில் பெரும் புகழ் பெற்ற குதிரைகள். வம்ச வரிசையில் அந்தப் பேர் வந்தாலே மதிப்புதான். யாரும் பொய் வம்சம் எழுதிவிடக் கூடாதே என்றுதான் 1877-ல் ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் சங்கம் தொடங்கி, குதிரைக்கு எண் கொடுத்து வம்சப் புத்தகம் போட்டார்கள்.

பிறகு காசு விஷயம். கட்டணத்தைக் கினியில் சொல்வார்கள். ஒரு கினி 21 ஷில்லிங். மூன்று கினி என்று வைத்துக்கொண்டால் 63 ஷில்லிங். குதிரைக்காரருக்குத் தனியாக ஐந்து ஷில்லிங் என்றால் மொத்தம் 68. இரண்டு மூன்று பெட்டைகளைக் கொண்டு வருபவருக்குக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. 'நன்றாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் எதற்கும் பொறுப்பல்ல' என்பது போல ஒரு வரியும் பல விளம்பரங்களில் இருக்கும். இதைக் கேட்டதும் அம்மா, "அங்கயுமா!" என்றாங்க.

ஆனால் சில இடங்களில் குட்டி பிறந்தால்தான் காசு என்றும் நிபந்தனை இருந்தது. அம்மா கேட்ட நியாயம் இதுதான். இதில் குதிரைச் சொந்தக்காரர் பதினோரு மாதம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் குதிரையின் சினைக்காலம் அவ்வளவு. அதனால் சிலர் உடனே கொடுத்தால் குறைவு, குட்டிக்கு உறுதி வேண்டுமென்றால் அதிகம் என்று இரண்டு விலை வைத்தார்கள். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. நஷ்டத்தை யார் தாங்குவது என்பதற்குத்தானே அந்த வித்தியாசம்.

சினை நின்றதா என்று பார்க்க அப்போது ஸ்கேன் கிடையாது. பெட்டைக் குதிரை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பொலிகுதிரை வாரம் ஒருமுறை அதே ஊருக்கு வந்தால், மூன்றாவது சுற்று 21-வது நாளில் வந்து நிற்கும். அப்போது பெட்டை அதைக் கிட்டவே விடாமல் உதைத்தால் அநேகமாகச் சினை என்று சந்தோஷப்படுவார்கள். கிழமை வைத்து நடந்ததில் இவ்வளவு கணக்கு இருக்கிறது. மாட்டுக்கும் அதே 21 நாள்தான்.

உண்மையான பயம் இதற்குப் பிறகுதான். சினை நிற்காவிட்டால் காசும் ஒரு வருடமும் போகும். ஆனால் கெட்ட வம்சம் என்றால்? பதினோரு மாதம் சினை, பிறகு ஏரில் கட்ட மூன்று வயதாவது ஆக வேண்டும். அப்போதுதான் மூச்சு இரைக்கிறதா, கால் எலும்பில் கோளாறு இருக்கிறதா என்பது சரியாகத் தெரியும். ஏறக்குறைய நாலு வருடத் தீனி வீண். குட்டி பிறந்தால்தான் காசு என்ற நிபந்தனையும் இதற்கு உதவாது, ஏனென்றால் குட்டிதான் பிறந்துவிட்டதே! விளம்பரம் பரிசைச் சொல்லும், நோயைச் சொல்லாது. மலிவு என்று யாரோ ஒருவரின் குதிரையிடம் போனவர்கள்தான் அதிகம் ஏமாந்திருப்பார்கள். பிரிட்டனில் 1918-ல் சட்டமே வந்தது. உரிமம் இல்லாத பொலிகுதிரையை ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று எனக்குத் தோன்றியது. அத்தனை நீள விளம்பரமும் அப்பா குதிரையைப் பற்றித்தான். குட்டிக்குப் பாதி குணம் தாயிடமிருந்து வருகிறது. ஏர் இழுத்துக்கொண்டே வயிற்றில் சுமந்த அந்தப் பெட்டையின் பெயரை யாரும் பத்திரிகையில் போடவில்லை.

(அந்தக் காலத்தில் பக்கத்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ராணுவத்துக்காக நம் சென்னைத் துறைமுகத்துக்கும் குதிரைகள் வந்தன. 'வேல்ஸ்' என்பதிலிருந்து அவற்றுக்கு 'வேலர்' என்றே பெயர்.)

1911-ல் நியூசிலாந்தில் நாலு லட்சத்துக்கு மேல் குதிரைகள் இருந்தன. மக்கள்தொகையே அப்போது பத்து லட்சம்தான். அதற்குப் பிறகு லாரி வந்தது, டிராக்டர் வந்தது. நடந்து வந்த பொலிகுதிரைக்கும் வேலை இல்லாமல் போனது.

எங்கள் லட்சுமிக்கு வருகிற வியாழக்கிழமை 21-வது நாள். அம்மா காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டிருக்காங்க. அன்றைக்கு அவள் கத்தாமல் இருக்க வேண்டும்.