மூட்டை தூக்குவோரின் தேகபலம்

சென்ற வருஷம் ஒரு சங்கத்தின் உர இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். அன்று லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவ்வூரில் பலசாலியெனப் பெயரெடுத்த தொழிலாளி ஒருவர், மாலையில் லாரித் தட்டின் உட்புறமிருந்த மூட்டையைக் கைநீட்டி இழுத்துத் தூக்கியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் அதே எடையை விளையாட்டாகத் தூக்கியவர்தாம். மூன்று மாதம் அவருக்கு வேலையில்லை. சங்கக் கடனும் தவணை தவறிற்று.

பலமிருந்தும் இவ்விதம் நேர்ந்ததேன்? ஒரு கை நீண்டும் மற்றது குட்டையாயும் உள்ள தராசை எண்ணிக்கொள்ளுங்கள். முதுகுத் தசைகள் முதுகெலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று இழுக்கின்றன. மூட்டையோ 40 சென்டிமீட்டர் முன்னே இருக்கிறது. ஆகவே 45 கிலோ மூட்டைக்குத் தசைகள் சுமார் 360 கிலோ அளவு இழுக்கவேண்டும். குனிந்த உடலின் பாரம் வேறு. அதே மூட்டையை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குக் கொணர்ந்தால் 225 கிலோ போதும். இவ்விழுப்பு முழுவதும் முள்ளெலும்புகளிடையே உள்ள வட்டுகளை நசுக்குகிறது. தசை பழக்கத்தால் சில வாரங்களில் வலுக்கும்; இரத்த ஓட்டம் குறைந்த வட்டு அவ்வளவு விரைவில் வலுக்காது, புண்பட்டால் ஆறவும் நாளாகும். தசைபலத்தை மட்டும் நம்புவோர் கவனிக்கத் தவறுவது இதுவே. மேலும், களைத்த தசை மாலையில் காலைப் பலத்தைத் தராது.

பலம் வேண்டாமென்பதன்று. பலமுள்ளவன் அதே வேலையில் தன் சக்தியின் சிறு பங்கையே செலவிடுகிறான். ஆகையால் மெதுவாகக் களைக்கிறான். ஆயினும் புதிதாய் வந்தவரையும் நோயிலிருந்து எழுந்தவரையும் முதல் நாளே முழுச் சுமைக்கு அமர்த்தலாகாது.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் வெளியிட்ட சிபாரிசின்படி, வயதுவந்த ஓர் ஆண் தனியே சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது. யூரியா மூட்டை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 ஆகக் குறைந்தது. உரச் செலவைக் குறைக்கவே அவ்வாறு செய்தனர், சுமப்பவரை எண்ணியன்று. எனினும் அவருக்கும் நன்மையே.

தூக்கும்போது உடலைத் திருகாமல், கால்களை நகர்த்தித் திரும்புதல் நன்று. இருவர் கைகொடுத்துத் தலையில் ஏற்றிவிடும் நம் வழக்கமும் நல்லதே. பாரம் நேராக இறங்குகிறது. இறக்கவும் இருவர் வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி பேசுமிடத்தில் இவையெல்லாம் மறக்கப்படுகின்றன. அவசரப்படுபவனுக்கே அதிகக் கூலியல்லவா? மேற்படி சங்கத்தார் பின்னர் நாட்கூலியாக மாற்றி, லாரித் தட்டின் உயரத்திற்குக் கிடங்கு வாயிலில் ஒரு மேடையும் கட்டி, தள்ளுவண்டி ஒன்றும் வாங்கினார்கள். அத்தொழிலாளி இப்பொழுது அவ்வண்டியைத் தள்ளுகிறார்.