கஞ்சியும் கணக்கில் வரும்

டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நோயாளி வந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. போன முறை முடித்துக் கிளம்பிய எடையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அது அநேகமாக முழுக்க உடம்பில் தேங்கிய தண்ணீர். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். நாலு கிலோ ஏறி வந்தவருக்கு நாலு மணி நேரத்தில் அத்தனையையும் எடுக்கப் பார்த்தால் பிபி இறங்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

"ஏன் இவ்வளவு குடிச்சீங்க?" என்று அதட்டிப் பயனில்லை. "தண்ணியே தொடறதில்ல சிஸ்டர்" என்பார்கள். அது பொய்யுமில்லை. செம்பில் மோந்து குடிப்பதை மட்டும்தான் அவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். ஒரு பெரியவர் திங்கட்கிழமை தவறாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம், "நேத்து காலைலேர்ந்து ஐயாவுக்கு என்னென்ன குடுத்தீங்கம்மா?" என்று கேட்டேன். காபி, மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ், ரசஞ்சோறு, மாத்திரை போட வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ராத்திரி கஞ்சி, தொட்டுக்க ஊறுகாய். கஞ்சிக்கு வந்ததும் அந்த அம்மாவே நிறுத்தி, "இதெல்லாமா சேரும்?" என்றார்.

நான் முதலில் நிறுத்தச் சொன்னது ஊறுகாயை. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது கொடுமை, தாகம் விடாது. சமையலில் போடுவதையும் சேர்த்து நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு நிற்க வேண்டும். அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அதை ஒரே வேளையில் தாண்டவைக்கும். அடுத்தது ஒரு பாட்டில். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துக் குடிக்கலாம் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த அளவைக் காலையிலேயே பாட்டிலில் பிடித்து வைத்து, காபி குடித்தால் அந்த அளவுக்குத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடச் சொல்வேன். (சிறுநீரக நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.)

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் பெரிதாக அறிகுறி எதுவும் காட்டாமலே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் கொஞ்சம் குறையும். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இந்துப்பும் உப்புதான், சலுகை இல்லை.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட கையைத் தினமும் தூங்கப் போகுமுன் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு தெரியும். தெரியாவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அந்தக் கையில் ஊசியோ பிபி பட்டையோ கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் லேபில் கையை நீட்டச் சொன்னால் மறுக்கக் கூச்சம். அதனால் "இந்தக் கை வேண்டாங்க, டயாலிசிஸ் கை" என்பதை என் எதிரிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகவைக்கிறேன்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி என்றால் எங்களிடம் முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று, சந்தோஷமாக வந்து சொல்வார்கள்: "சுகர் இறங்கிடுச்சு சிஸ்டர், குணமாயிடுச்சு போல." சிறுநீரகம் செயலிழக்கும்போது இன்சுலின் வெளியேறாமல் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் நடுராத்திரியில் சுகர் தாழ்ந்து மயக்கம் வரலாம். அப்படிச் சொல்பவரிடம் சுகர் நோட்டை வாங்கிப் பார்த்து, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுவேன்.